அம்மாயியின் பிறப்புச் சான்றிதழில் ஒரு கோடு

அம்மாவைப் பெற்ற என் அம்மாயியின் பிறப்புச் சான்றிதழில், தகப்பன் பெயர் எழுதும் கட்டத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. தொட்டெழுதும் பேனாவால் இழுத்த கோடு. தொடங்கிய இடத்தில் மை தடித்திருக்கும், முடிகிற இடத்தில் மெலிந்து லேசாக மேலே ஏறும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று தேடத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆள் ஐந்தே மாதத்தில் கிடைத்தார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் வரை கிடைத்தது. ஆனால் அம்மாயியைப் பெற்ற பூட்டி எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்க, அதன்பிறகும் இரண்டரை வருடம் ஆனது. இரண்டையும் எப்படிச் செய்தேன், எங்கே தப்புச் செய்தேன் என்பதை, இதே மாதிரித் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம், தேயிலைத் தோட்டம். அம்மாயிக்குப் பூனைக்கண். தோட்டத்தில் அவரை 'வெள்ளச்சி' என்றுதான் கூப்பிடுவார்களாம். சண்டை வந்தால் 'தொரை மக', அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம், எங்கள் வீட்டுக்குள் மட்டும் யாரும் பேசியதில்லை. அம்மாயி 1994இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் கேட்கும் துணிவு எனக்கு வந்தது. அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "தேடு, வேணாங்கல. ஆனா பேரை எல்லாம் எழுதி ஊருக்குச் சொல்லாத. அங்கயும் பிள்ளகுட்டி இருக்கும்." அதனால் இந்தப் பதிவில் ஆட்களின் பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. செய்த வேலையை மட்டும் விடாமல் எழுதுகிறேன். நாங்கள் ஒரு குடும்பம் மட்டும் இல்லை. துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே நுவரெலியாவில் பேன்டர் இல்லம் இருந்தது. அங்கே போகாமல் லயத்திலேயே வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

தொடங்கும்போது கையில் இருந்தது கொஞ்சம்தான். ஒரு டின் டிக்கெட், அம்மாயியின் பிறப்புச் சான்றிதழின் சுருக்கப் பிரதி, தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் கார்பன் கொப்பி, இரண்டு போட்டோ, அப்புறம் அம்மாயி வாயால் சொன்ன ஒரு தோட்டத்துப் பெயர்.

முதல் தப்பு டின் டிக்கெட்டில்தான் நடந்தது. அது கழுத்தில் கயிறு கோத்துப் போடும் சின்னத் தகரம். 1902 வாக்கில் வந்த முறை. இந்தியாவில் ஆள் சேர்க்கும்போதே கொடுத்துவிடுவார்கள். தோட்டத்துக்கான அடையாளமும் ஆளுக்கான எண்ணும் அதில் குத்தியிருக்கும். வழிச்செலவை அரசாங்கம் போட்டுவிட்டு, அந்த அடையாளத்தைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதும். ஆளின் பெயர் அதில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது பூட்டியுடையது. துரு ஏறிக் கறுத்திருந்தது. குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். துரு போனது, அதோடு கடைசி இரண்டு இலக்கமும் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தயவுசெய்து பழைய தகரத்தைக் கழுவாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். இருட்டறையில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் போட்டோ எடுத்தால் குத்திய எழுத்து நிழலோடு எழும்பி நிற்கும். தேய்ந்த கல்லறை எழுத்துக்கும் இதே முறைதான். கம்பித் தூரிகையும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

அடுத்தது தோட்டத்தைக் கண்டுபிடிப்பது. வெளியாருக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். மலையகத்தில் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் உண்டு. துரைமார் தங்கள் ஊர் நினைவாகவோ மனைவி நினைவாகவோ வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வாயில் புழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டுக்கும் பல இடங்களில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மாயி சொன்னது தமிழ்ப் பெயர். அரசாங்கப் பதிவுகள் எல்லாம் ஆங்கிலப் பெயரில். இரண்டையும் இணைக்கும் பாலம் பெர்கியூசன் டிரெக்டரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து வந்த தடித்த புத்தகம் அது. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் பெரிய துரை, யார் அவருக்குக் கீழ் வேலை பார்த்த சின்னத் துரை என்று வரிசையாக இருக்கும். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்பார்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அந்தப் பெயருக்கு மஸ்கெலியாவில் ஒரு தோட்டம் இருந்தது. மேற்கொண்டு புரட்டாமல், அதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். அந்தத் தோட்டத்தின் தாழ்ந்த மலைகள் எல்லாம் இப்போது மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கத்துக்குள். பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்கடியில்தானே இருக்கிறது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும். மிச்சமிருந்த லயத்தில் எண்பது தாண்டிய தாத்தா ஒருவரிடம் விசாரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், இந்தப் பேருல ரெண்டு தோட்டம் இருக்கு. ஒங்க அம்மாயி அந்த எடத்தப் பத்தி வேற என்ன சொல்வாங்க?" என்றார். யோசித்தேன். லயத்து வாசலில் நின்றால் துரைமார் கோயில் மணி கேட்கும் என்று அம்மாயி சொன்னது ஞாபகம் வந்தது. "அப்ப அது இங்க இல்ல. டிக்கோயா வார்லி கோயில் மணி. நீங்க கெளம்புங்க, அஞ்சு மணி பஸ்ஸ விட்டுறாதீங்க."

வார்லி கிறைஸ்ட் சேர்ச் 1878இல் கட்டியது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், மேலே கல்லறைத் தோட்டம். மணிச் சத்தம் எட்டும் தூரத்தில்தான் அந்த இரண்டாவது தோட்டம் இருந்தது. டிரெக்டரியில் அடுத்த பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற பேர்ப்பதிவுப் பேரேட்டைத் தேடியது பெரும்பாலும் வீண். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின, 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பேரேடுகள் ஸ்டோருக்குள் போய்ச் சேரும், அப்புறம் கறையானுக்கு. எனக்குக் கிடைத்தவை பிற்காலத்துச் செக்ரோல் தாள்கள் சில. அதில் ஆட்களைக் கங்காணி வாரியாக எழுதியிருப்பார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கங்காணியின் பெயர் தெரியாமல் செக்ரோலில் ஒரு ஆளைத் தேடவே முடியாது.

பிறப்புச் சான்றிதழுக்கு வருகிறேன். வீட்டில் இருந்தது 1950களில் எடுத்த சுருக்கப் பிரதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மூலப் பதிவின் முழுப் பிரதிதான் வேண்டும். முதலில் போன அலுவலகத்தில் அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். இரண்டாம் முறை, அம்மாயியின் பெயரைச் சொல்லாமல், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் 1921 என்ற ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னேன். வயதான எழுதுவினைஞர் ஒருவர் அலுப்பில்லாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். செப்டெம்பரில் இருந்தது. பெயரின் எழுத்தைக் கோணலாக எழுதியிருந்ததால்தான் முதலில் அகப்படவில்லை.

அங்கேதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தகப்பன் பெயர், கோடு. தகப்பனின் இனம், கோடு. பெற்றோர் விவாகமானவர்களா, இல்லை. இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். கடைசிக் கட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தில் பிறப்பு நடந்தால் தகவல் கொடுக்க வேண்டியவர் தோட்டத்தை நடத்தும் துரை. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெயரும், பக்கத்தில் 'பதில் துரை' என்ற பொருளில் ஒரு சொல்லும் இருந்தன. டிரெக்டரியில் அந்த வருடம் பெரிய துரை என்று போட்டிருந்த பெயர் அது இல்லை. சின்னத் துரையின் பெயர்.

சரி, கையெழுத்துப் போட்டார் என்பதற்காகத் தகப்பன் ஆகிவிட மாட்டாரே. துரை வேலையில் இருந்த எவரும் போட வேண்டிய கையெழுத்துத்தான். இரண்டு பேரில் யார் என்று பார்க்கக் கப்பல் பட்டியலுக்குப் போனேன். பிரித்தானியாவுக்கு வந்த பயணிகளின் பட்டியல் 1878 முதலும், அங்கிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல் 1890 முதலும் 1960 வரை லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள அவர்களுடைய தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. இணையத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். பெயர், வயது, தொழில், அங்கே போய்த் தங்கும் விலாசம் எல்லாம் இருக்கும். பெரிய துரை 1920 நவம்பர் முதல் வாரத்தில் லண்டனில் இறங்கியிருக்கிறார். திரும்பக் கொழும்புக்குக் கப்பல் ஏறியது 1921 ஒக்டோபரில். அம்மாயி பிறந்தது 1921 செப்டெம்பர் நடுவில். ஒரு காகிதத்தில் மாதங்களை வரிசையாக எழுதி, விரல் விட்டு எண்ணினேன். பெரிய துரை கணக்கில் வரவே மாட்டார். அந்தப் பதினோரு மாதமும் பங்களாவில் இருந்தது சின்னத் துரை ஒருவர்தான். தன் பிள்ளையின் பிறப்பைத் தானே அறிவித்து, தகப்பன் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னவர் அவர். மையில் கோடு இழுத்தது யாரோ ஒரு எழுத்தர் என்றாலும், அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவரைத் தேடுவதில் ஒரு மூன்று வாரம் வீணாய்ப் போனது. இலங்கையும் பழைய பிரித்தானிய இந்தியாதானே என்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தேன். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளையரின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்கே கிடைக்கும். இலங்கை 1802 முதல் தனி முடிக்குரிய குடியேற்றம். அதன் காகிதங்கள் குடியேற்ற அமைச்சுக்குப் போய், இப்போது கியூவில் இருக்கின்றன. மன்னாரிலிருந்து பார்த்தால் ராமேஸ்வரம் கூப்பிடு தூரம்தான், ஆனால் காகிதம் போன வழி வேறு. ஒல்லாந்தர், போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கியர் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1908இல் தொடங்கிய டச்சு பேர்கர் யூனியனின் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சாகியிருக்கிறது. 1913க்கு முந்திய ஐரோப்பியர் கல்லறை என்றால் பென்றி லூயிஸ் தொகுத்த கல்லறை எழுத்துப் பட்டியலை முதலில் பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் பொகவந்தலாவைக்குப் போய்ப் பார்க்கும் கல்லறை, 1879இல் டிக்கோயாவில் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனுடையது. அந்த அளவு பேர் பெற்றவர்களுக்கு நம் உழைப்பு தேவையில்லை.

ஸ்கொட்லாந்துக்காரர் என்பது எனக்குப் பெரிய அதிர்ஷ்டம். அங்கே 1855இல் அரசாங்கப் பதிவு தொடங்கியபோதே விவரமாக எழுதப் பழகிவிட்டார்கள். மரணப் பதிவில் தாய் தகப்பன் இருவர் பெயரும் இருக்கும், தாயின் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரோடு. பிறப்புப் பதிவில் பெற்றோர் எங்கே, எந்தத் தேதியில் கல்யாணம் செய்தார்கள் என்பதும் இருக்கும். ஒரு காகிதம் அடுத்த காகிதத்துக்கு வழி சொல்லிவிடும். அபர்டீன்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1889இல் பிறந்திருக்கிறார். 1911 குடிமதிப்பில் வங்கி எழுதுவினைஞர். அடுத்த வருடம் இங்கே கிரீப்பராக வந்தார். தொழில் பழக வந்த பையனை அப்படித்தான் சொல்வார்கள். 1914 ஒக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் படையிலிருந்து எகிப்துக்குக் கப்பல் ஏறியவர்களில் அவரும் ஒருவர். போர் முடிந்து 1919இல் திரும்பி வந்து, எங்கள் தோட்டத்தில் சின்னத் துரை ஆனார்.

இன்னொரு விசயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்து ஸ்கொட்லாந்து வழக்கப்படி மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்றவரின் பெயர், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்றவளின் பெயர் வைப்பார்கள். பேரன், பேத்தி என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதானே! நம் வீடுகளிலும் இதே கதைதான். இந்த வழக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டே அவருடைய பாட்டனின் பெயரை முன்கூட்டி ஊகித்து, தேவாலயப் பதிவேடுகளில் 1760கள் வரை போக முடிந்தது. பின்னால் இந்த வழக்கம் எனக்கு வேறொரு இடத்தில் உதவியது. அதை அங்கே சொல்கிறேன்.

1925இல் லீவில் போய்க் கல்யாணம் செய்து, துரைசாணியோடு திரும்பினார். இந்த இடத்தில் தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை மறுபடி எடுத்தேன். 1948 சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949 சட்டம் விண்ணப்பித்தால் தரலாம் என்றது. கல்யாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடம் தொடர்ச்சியாக இங்கேயே இருந்ததை நிரூபிக்க வேண்டும், மற்றவர்கள் பத்து வருடம். அதனால் எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தோம், எப்போது மாறினோம் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் இல்லாத விவரமெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் அதை முதலில் தேடுங்கள். எங்கள் தாத்தாவின் கொப்பியில் மனைவியைப் பற்றி ஒரு வரி: இன்ன தோட்டத்தில் பிறந்தவர், 1925இல் தாயோடு பொகவந்தலாவையில் இன்ன தோட்டத்துக்குப் போனவர். எத்தனையோ தடவை படித்த வரி அது. துரைசாணி வந்த வருடமும் அதே 1925 என்று தெரிந்த பிறகு படித்தபோதுதான் அது என்ன சொல்கிறது என்று விளங்கியது. நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டி மலையேறிப் போயிருக்கிறார்.

துரைக்கு 1927இல் ஒரு மகன். 1934இல் அந்தப் பையனை ஏழு வயதில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்க அனுப்பிய கப்பல் பட்டியலையும் பார்த்தேன். அதே 1934இல், பதின்மூன்று வயதில், அம்மாயி பொகவந்தலாவையில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனதாக அந்தச் சத்தியக் கடதாசியிலேயே இருக்கிறது. பையன் இங்கே திரும்பி வரவில்லை. 1950களில் நியூசிலாந்துக்குக் குடியேறினான். துரை 1946இல் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், 1958இல் இறந்தார்.

இவ்வளவும் காகிதம் சொன்னது. இரத்தமும் அதைத்தான் சொல்கிறதா என்று பார்க்க மரபணுச் சோதனை செய்யலாம் என்றேன். அம்மா உடனே சரி என்றார். கனடாவில் இருக்கும் என் மச்சான் லீவில் வரும்போது கிட் எடுத்து வந்தார். நான் கொடுப்பதைவிட அம்மா கொடுப்பதுதான் பயன். துரைக்கு அம்மா பேத்தி, கால் பங்கு. எனக்கு வந்திருப்பது அதில் பாதி. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அவருடையதை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, குழாயில் கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும். எழுபது தாண்டிய அம்மாவுக்கு வாய் வறண்டுவிட்டது. பாதிக்கு மேல் ஏறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "புளியங்காய உப்பு தொட்டுக் கடிக்கிறத நெனச்சுக்கிட்டுத் துப்புங்க" என்றார். நிரம்பியது.

முடிவு வர ஏழு வாரம். நியூசிலாந்தில் ஒருவரோடு 218 சென்டிமோர்கன் பொருத்தம். இரண்டு பேருக்கும் பொதுவான மரபணுவை அளக்கும் அலகு அது. துரையின் அந்த மகனுக்குப் பேரன். அம்மாவுக்குப் பாட்டனும் அவருக்குப் பூட்டனும் ஒரே ஆள், பெற்ற பெண்கள் மட்டும் வேறு என்ற உறவில் அம்மாவுக்கும் அவருக்கும் வரக்கூடிய அளவு ஏறக்குறைய இதுதான். இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. முழு உறவில் இரண்டுவிட்ட சகோதரர்களுக்கும் இதே அளவு வரும். காகிதமும் எண்ணும் ஒரே ஆளைக் காட்டினால்தான் முடிவு கட்டலாம். நம் பக்கத்துப் பொருத்தங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டவர்கள் நாம். அதனால் தூரத்துச் சொந்தமும் எண்ணில் நெருங்கிய சொந்தமாகக் காட்டும். எனக்கு ஒருவரை ஒன்றுவிட்ட சகோதரர் என்று காட்டியது; விசாரித்தால் மூன்று தலைமுறைக்கு அப்பால் இரண்டு வழியில் சொந்தம்.

நியூசிலாந்துக்கு எழுதிய முதல் கடிதத்தில் துரை பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நாங்கள் இலங்கை மலைநாட்டுத் தமிழர், உங்களோடு பொருத்தம் வந்திருக்கிறது, உங்கள் குடும்பத்தில் யாராவது இலங்கையில் இருந்தார்களா என்று மட்டும் கேட்டேன். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அவருடைய பூட்டன் பெரிய மனிதர். எடுத்த எடுப்பில் உடைக்கக் கூடாது. பதில் வர இரண்டு மாதம் ஆனது.

துரை கதை இவ்வளவுதான். பூட்டிதான் கிடைக்கவில்லை.

துரையின் பெயரை எந்தக் காகிதத்திலும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறார்கள். பூட்டியின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதம். கறுப்பாயி என்ற பெயரை ஆங்கிலத்தில் கருபை, கரபாய், கருப்பே என்று எப்படியும் எழுதுவார்கள், அந்த மாதிரி. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது 'சுமார்'. டின் டிக்கெட் இருப்பதால் 1902க்குப் பிறகு வந்தவர் என்பது மட்டும் உறுதி. இலங்கைக்கு வரும் ஆட்களைத் தங்க வைத்த மண்டபம் முகாம் 1917இல்தான் திறந்தது, அதற்கு முன் வந்தாரா பின் வந்தாரா என்பதுகூடப் பிடிபடவில்லை. தோட்டங்களில் 1854 முதல் வேலை செய்த தமிழ் கூலி மிஷனின் பதிவுகள், கத்தோலிக்கக் கோயில் புத்தகங்கள், எதிலும் இல்லை. பூட்டி மாரியம்மனைக் கும்பிட்டவர். மாரியம்மன் கோயிலில் பதிவேடு கிடையாது.

ஒரு மழைக்கால இரவில் அம்மா பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வழி பிறந்தது. பொகவந்தலாவைக்குப் போன பிறகு பூட்டி அங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டார். 1928இல் இன்னொரு மகள், எங்களுக்குச் சின்ன அம்மாயி. ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். சின்ன அம்மாயி குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது. நீலகிரிக் கூடலூரில், தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். இங்கே பறித்த அதே கொழுந்து.

எனக்குப் பொறி தட்டியது. இந்தியப் பிரஜையாகப் பதிய அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. தான் அல்லது தாய் தகப்பன், அல்லது பாட்டன் பாட்டிமாரில் ஒருவராவது இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் சின்ன அம்மாயி, தன் தாய் எங்கே பிறந்தார் என்று கட்டாயம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்!

போன வருடம் கூடலூர் போனேன். சின்ன அம்மாயி இப்போது இல்லை. அவர் மகள், என் சின்னம்மா, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். பாஸ்போட், குடும்ப அட்டை, அதற்கு அடியில் பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்த விண்ணப்பக் கொப்பி. மடிப்பில் கிழிந்திருந்தது. செலோட்டேப் போட எழும்பியவரைத் தடுத்து, கண்ணாடித் தட்டின் மேல் விரித்து வைத்துப் போட்டோ எடுத்தேன். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். தாயின் பெயர் என்ற இடத்தில் பூட்டியின் பெயர், முதல் தடவையாகத் தமிழில். பிறந்த ஊர், ஒரு சிற்றூரின் பெயர். முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா. தாயைப் பெற்றவள் என்ற இடத்தில் இருந்த பெயரைச் சின்னம்மா விரல் வைத்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அது அம்மாயியின் பெயர். தகப்பன் கட்டத்தைக் கோடாக விட்ட பிள்ளைக்குப் பூட்டி தன்னைப் பெற்றவளின் பெயரை வைத்திருக்கிறார். அபர்டீன்ஷயரில் அந்தத் துரையின் தங்கைக்கும் அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கால முசிறி தாலுகா இப்போது துறையூர், தொட்டியம் என்றெல்லாம் பிரிந்திருப்பதால், இன்றைய வரைபடத்தில் முசிறிக்குள் மட்டும் தேடினால் ஊர் கிடைக்காது. எனக்குத் துறையூர்ப் பக்கம் கிடைத்தது. இன்னும் போகவில்லை. தை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்த விவரத்தை எல்லாம் நியூசிலாந்துக்கும் எழுதினேன். அதற்குள் அவருக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது. அங்கிருந்து நீளமாகப் பதில் ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். பூட்டியின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். போனை வாங்கி வாயருகே பிடித்துக்கொண்டு, பூட்டியின் பெயரைச் சொன்னார். "வேகமாச் சொல்லிட்டேன்" என்று அழித்துவிட்டு, மறுபடி எழுத்து எழுத்தாகச் சொன்னார். மறுநாள் காலையில் அங்கிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கிட்டத்தட்டச் சரி, நடுவில் ஒரு றகரம் மட்டும் வழுக்கியது. அம்மா இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார்.